யாக்கோபு: மூத்தவனல்லாத வாரிசு

உலகின் மூன்று பெரும் சமயங்களைச் சேர்ந்தோர் தமது முன்னோருள் ஒருவராகவோ இறைவாக்கினருள் ஒருவராகவோ போற்றும் மனிதர் யாக்கோபு. யூதர்கள் அவரைத் தமது பன்னிரு கோத்திரங்களின் தந்தை என்பர். கிறிஸ்தவர்கள் இயேசுவின் வம்ச வரலாற்றில் மூன்றாவது பெயராக அவரது பெயரை வாசிக்கின்றனர். இஸ்லாமியர் யஃகூப் நபி என அவரை மதித்துப் போற்றுகின்றனர். அவருக்குப் பிற்காலத்தில் வழங்கப்பட்ட இஸ்ரவேல் என்னும் பெயரையே 1948 ஆம் ஆண்டு உருவான ஒரு நாடும் தாங்கி நிற்கின்றது. ஒரு தனிமனிதனின் பெயர் குலத்தின் பெயராகி, பின்னர் அரசொன்றின் பெயராகிய வரலாறு அரிதானதாகும்.

ஆயினும், இம்மனிதரின் வாழ்க்கையைக் கூறும் ஆதியாகமத்தை ஊன்றிப் படிப்பவர்கள் ஓர் உண்மையை உணர்வர். குலப் பெருமை பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமற்றதொரு வரலாறு இருக்க முடியாது. உரிமையற்றவன் உரிமையைப் பெறுகின்றான், மூத்தவன் பின்தள்ளப்படுகின்றான், மணமேடையிலேயே மணமகள் மாற்றப்படுகின்றாள். யாருடைய மகன் யார், யாருக்கு எந்த உரிமை என்ற கேள்விகள் பிறப்பு முதல் இறப்பு வரை இம்மனிதரை விட்டு அகலவில்லை.

தேராகின் குடும்பம்

யாக்கோபின் கதை அவரது கொள்ளுப்பாட்டனாரான தேராகிலிருந்து தொடங்குகின்றது. தேராகுக்கு ஆபிரகாம், நாகோர், ஆரான் என மூன்று புதல்வர்கள். ஆரான் இளமையிலேயே தந்தையின் கண்முன் இறந்து போனார். அவரது மகள் மில்காளை அவளின் சிறிய தந்தை முறையினரான நாகோரே மணந்து கொண்டார். ஆபிரகாமின் மனைவி சாராளோ, ஆபிரகாமே ஓரிடத்தில் கூறுவதன்படி, தந்தை ஒருவராகவும் தாய் வேறாகவும் அமைந்த சகோதரி. சாராள் என்பவள் ஆரானின் மற்றொரு மகளான இஸ்காளே என்று பிற்கால யூத மரபு விளக்கமளித்தது. சகோதரியை மணந்தார் என்பதைவிடச் சகோதரனின் மகளை மணந்தார் என்பது அவர்களுக்கு ஏற்புடையதாகத் தோன்றியிருக்கலாம். எவ்வாறாயினும், ஒரு தந்தையின் மகளை மணப்பதைப் பின்னர் வந்த மோசேயின் நியாயப்பிரமாணம் கண்டிப்பாகத் தடை செய்தது. குலத்தின் முதல் தந்தையே அக்குலத்தின் சட்டத்துக்கு அமையாத திருமணத்தைச் செய்திருந்தார் என்பது இங்கு நோக்கத்தக்கது.

ஆபிரகாமுக்கும் சாராளுக்கும் முதுமையில் பிறந்தவர் ஈசாக்கு. நாகோருக்கும் மில்காளுக்கும் பிறந்தவர் பெத்துவேல். பெத்துவேலின் மகள் ரெபெக்காளை ஈசாக்கு மணந்தார். ஆகவே, ரெபெக்காளின் மகனாகிய யாக்கோபிடம் தேராகின் மூன்று புதல்வர்களின் குருதியும் ஒன்று கலந்திருந்தது. தந்தை வழியால் ஆபிரகாம். தாயின் தந்தை வழியால் நாகோர். நாகோரின் மனைவி வழியால் ஆரான். சிதறிப்போன ஒரு குடும்பம் மூன்று தலைமுறைகளின் பின்னர் ஒரே மனிதனில் வந்து சேர்ந்தது எனலாம்.

எமது தமிழ் உறவுமுறையைக் கொண்டு இத்திருமணங்களை நோக்குவோமாயின் வியப்பே மிஞ்சும். தந்தை வழியால் கணக்கிடின் ஈசாக்கும் பெத்துவேலும் சகோதர முறையினர். ரெபெக்காள் ஈசாக்குக்கு மகள் முறையாவாள். நாகோர் மணந்த மில்காளும் அவ்வாறே. பின்னாளில் யாக்கோபின் சகோதரன் ஏசா, தன் தந்தையின் தமையனான இஸ்மவேலின் மகளை மணந்தபோது, பெரியப்பாவின் மகளை, அதாவது எம்மவர் அக்காள் தங்கை என அழைக்கும் உறவை மணந்தான். இவற்றுள் தமிழர் முறை எனக் கொள்ளத்தக்க திருமணம் யாக்கோபினுடையது மாத்திரமே. அவர் மணந்தவர்கள் தாயின் உடன்பிறந்தானான லாபானின் பெண்மக்கள். அம்மான் மகள்மார், மச்சாள்மார்.

ஆனால், அக்குடும்பத்தினர் மச்சாள் என்பதற்காக அவர்களைத் தேடவில்லை. கானான் நாட்டின் அயலாரிடம் பெண் கொள்ளக் கூடாது, தேராகின் வழியிலேயே கொள்ள வேண்டும் என்பதே அவர்களது கரிசனையாக இருந்தது. எமக்கு உறவின் முறை முக்கியமாயிருந்தது போல அவர்களுக்குக் குலத்தின் எல்லை முக்கியமாயிருந்தது.

கருவிலேயே தொடங்கிய வழக்கு

ஈசாக்கு 40 வயதில் மணம் முடித்தார். 20 ஆண்டுகள் பிள்ளைப்பேறின்றிக் கழிந்தன. பின்னர் ரெபெக்காள் இரட்டையரைக் கருவுற்றாள். முதலில் வெளிவந்தவன் செந்நிறமும் உடல் முழுதும் உரோமமும் கொண்டவன்; அவனுக்கு ஏசா எனப் பெயரிட்டனர். அவனது குதிகாலைப் பற்றியவாறு வெளிவந்தவனே யாக்கோபு. குதிகாலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு இணைத்தே அவனது பெயருக்கு விளக்கம் தரப்படுகின்றது.

ஆதியாகமத்தின் ஆண்டுக் கணக்குகளைக் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு இங்கொரு செய்தி புலப்படும். ஆபிரகாம் 100 வயதில் ஈசாக்கைப் பெற்றார். 175 வயதில் இறந்தார். ஈசாக்கு 60 வயதில் இரட்டையரைப் பெற்றார். ஆகவே, பேரன்மார் இருவரும் 15 வயதை எட்டும்வரை பாட்டனார் உயிருடன் இருந்திருக்க வேண்டும். நூலிலோ ஆபிரகாமின் மரணம் முன்னரும் பேரர்களின் பிறப்பு பின்னருமாகக் கூறப்பட்டுள்ளது. காலவரிசையை விட, ஒரு தலைமுறையின் கதையை முடித்து அடுத்த தலைமுறைக்குச் செல்வதே அந்நூலின் முறையாக இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

ஏசா வேட்டைக்காரனானான், தந்தை அவன்பால் அன்பு வைத்தார். யாக்கோபு கூடாரத்தில் தங்குபவனானான். தாய் அவன்பால் அன்பு வைத்தாள். ஒரு நாள் பசியோடு வந்த தமையனிடம் ஒரு கிண்ணம் சிவந்த பருப்புக் கூழைக் கொடுத்து, மூத்த மகனுக்குரிய பிறப்புரிமையைத் தம்பி விலைக்கு வாங்கினான். பின்னர், கண்பார்வை மங்கிய ஈசாக்கு மூத்தவனுக்கு ஆசி வழங்க எண்ணியபோது, தாயின் திட்டப்படி ஆட்டுக்குட்டித் தோலைக் கைகளிலும் கழுத்திலும் சுற்றிக்கொண்டு, ஏசாவின் உடையணிந்து சென்று, அந்த ஆசியையும் பெற்றுக்கொண்டான். உண்மை வெளிப்பட்டதும் ஏசா கதறியழுத காட்சியை நூலாசிரியர் மறைக்கவில்லை. தமது குலத்தந்தை ஏமாற்றியவர் என்பதையும், ஏமாற்றப்பட்டவனின் கண்ணீர் நியாயமானது என்பதையும் அக்குலத்தின் நூலே பதிவு செய்துள்ளது.

அம்மான் வீட்டில் இருபது ஆண்டுகள்

தமையனின் சினத்துக்கு அஞ்சி யாக்கோபு வடக்கே ஆரான் என்னும் ஊருக்கு ஓடினார். இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் அமைந்துள்ள இடம் அது. கிணற்றருகே ஆடுகளோடு வந்த ராகேலைச் சந்தித்த அவர், தன்னை அவளது தந்தையின் சகோதரன் என அறிமுகம் செய்து கொண்டதாக எபிரேய மூலத்தில் உள்ளது. மருமகன் சகோதரனாவது எங்ஙனம் என்ற ஐயம் எழலாம். அம்மொழியில் சகோதரன் என்ற சொல் நெருங்கிய உறவினன் எவரையும் குறித்தது. மகன் என்ற சொல் பேரனையும் குறித்தது. பெத்துவேலின் மகனான லாபான் அங்கு நாகோரின் மகன் எனக் குறிப்பிடப்படுவதும், ஆபிரகாம் தன் சகோதரன் மகனான லோத்துவைச் சகோதரன் என்பதும் இதனாலேயே. அம்மான், சிற்றப்பன், மைத்துனன், மருமகன் எனத் தனித்தனிச் சொற்களைக் கொண்ட எமக்கு இது விநோதமாகத் தோன்றினாலும், குலமுறை பற்றிய பல குழப்பங்களுக்கு விடை இந்தச் சொல் வழக்கிலேயே அடங்கியுள்ளது.

ராகேலுக்காக 7 ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தமாயிற்று. திருமண இரவு கழிந்து விடிந்தபோது மணமகளாக இருந்தவள் மூத்தவள் லேயாள். மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது தமது ஊர் வழக்கமல்ல என்றார் லாபான். இக்காரணம் எமது சமூகத்தவருக்கு அந்நியமானதன்று. எனினும் அதன் கூர்மை வேறிடத்தில் உள்ளது. மூத்தவனின் இடத்தில் தன்னை நிறுத்தித் தந்தையை ஏமாற்றியவருக்கு, இளையவளின் இடத்தில் மூத்தவளை நிறுத்திப் பாடம் புகட்டப்பட்டது. ஒரு வாரத்தின் பின் ராகேலும் மனைவியானாள். அதற்கு ஈடாக மேலும் 7 ஆண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று. மனைவி உயிருடன் இருக்கையில் அவளது சகோதரியையும் மணப்பதைப் பின்னாளில் லேவியராகமம் தடை செய்தது. பாட்டனாரைப் போலவே பேரனும் பின்வந்த சட்டத்துக்கு அமையாத மணவாழ்வையே வாழ்ந்தார்.

லேயாளுக்கு ரூபன், சிமியோன், லேவி, யூதா, இசக்கார், செபுலோன் என அறுவரும் தீனாள் என்ற மகளும் பிறந்தனர். ராகேலின் பணிப்பெண் பில்காளுக்குத் தாணும் நப்தலியும், லேயாளின் பணிப்பெண் சில்பாளுக்குக் காத்தும் ஆசேரும் பிறந்தனர். இறுதியாக ராகேலுக்கு யோசேப்பும், பின்னர் கானான் திரும்பும் வழியில் பென்யமீனும் பிறந்தனர். பென்யமீனைப் பெற்றபோது ராகேல் உயிர் நீத்தாள். பணிப்பெண்களின் புதல்வர்களுக்கும் மற்றவர்களுக்கும் கோத்திர உரிமையில் வேறுபாடு காட்டப்படவில்லை. ஆபிரகாமின் வீட்டில் பணிப்பெண் ஆகாரின் மகன் இஸ்மவேல் வெளியேற்றப்பட்டதோடு இதனை ஒப்பிடுதல் தகும். இரண்டு தலைமுறைகளுக்குள் அக்குடும்பத்தின் வழக்கம் மாறிவிட்டது.

வயதுக் கணக்கு இங்கும் வியப்பளிக்கின்றது. எகிப்திய மன்னன் பார்வோன் முன் நின்றபோது யாக்கோபுக்கு வயது 130. அப்போது யோசேப்புக்கு 39 வயது இருக்க வேண்டும். 30 வயதில் அதிகாரம் பெற்று, 7 செழிப்பான ஆண்டுகளும் 2 பஞ்ச ஆண்டுகளும் கடந்திருந்தன. ஆகவே யோசேப்பு பிறந்தபோது தந்தைக்கு வயது 91. ஆரானில் முதல் 14 ஆண்டுகள் முடிந்த வேளையில் யோசேப்பு பிறந்தமையால், வீட்டை விட்டு ஓடிய யாக்கோபு இளைஞனல்லர்; 77 வயதினர். மரணம் நெருங்கிவிட்டதென எண்ணி ஆசி வழங்கிய ஈசாக்கு அதன்பின் 43 ஆண்டுகள் வாழ்ந்தார். இந்த எண்களை அவ்வாறே ஏற்பவர்களும் உளர். குறியீடுகளாகக் கொள்பவர்களும் உளர்.

இருபது ஆண்டுகளின் பின் மனைவியர், மக்கள், மந்தைகளுடன் யாக்கோபு புறப்பட்டார். துரத்தி வந்த லாபானும் அவரும் கற்குவியல் ஒன்றை எழுப்பி உடன்படிக்கை செய்து கொண்டனர். அக்குவியலுக்கு லாபான் அரமேய மொழியிலும் யாக்கோபு எபிரேய மொழியிலும் பெயரிட்டனர். சாட்சியின் குவியல் என்பதே இரண்டுக்கும் பொருள். அம்மானும் மருமகனும் இரு மொழியினராகி, இரு இனத்தவராகப் பிரிந்த இடம் அது. ஆயினும், அறுவடையின் முதற்கனியைப் படைக்கும் இஸ்ரவேலன் தன் மூதாதையை அலைந்து திரிந்த அரமேயன் எனச் சொல்லி வணங்க வேண்டுமென உபாகமம் விதித்தது. இன்னொரு இனத்தோடுள்ள உறவை வழிபாட்டிலேயே நினைவுகூர்ந்த மக்கள் அவர்கள்.

சகோதரர் சந்திப்பு

யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுவதும் இனந்தெரியாத ஒருவருடன் போராடிய யாக்கோபு, இஸ்ரவேல் என்ற புதிய பெயரோடும் நொண்டும் காலோடும் எழுந்தார். மறுநாள் 400 பேருடன் எதிர்கொண்ட ஏசா பழிவாங்கவில்லை. ஓடி வந்து கட்டியணைத்து அழுதான். வஞ்சிக்கப்பட்டவனே முதலில் மன்னித்தான். பின்னர் ஈசாக்கு 180 வயதில் இறந்தபோது இருவரும் சேர்ந்தே தந்தையை அடக்கம் செய்தனர். அதற்கு முன்னர் ஆபிரகாமை ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்தே அடக்கம் செய்திருந்தனர்.

ஏசாவின் மனைவியர் பற்றிய பட்டியல்கள் ஒன்றோடொன்று பொருந்தாமை ஆய்வாளர்களை நீண்டகாலம் சிந்திக்க வைத்ததொன்றாகும். ஓரிடத்தில் ஏலோனின் மகளுக்குப் பஸ்மாத்து என்று பெயர். இன்னோரிடத்தில் அவள் ஆதாள். இஸ்மவேலின் மகள் ஓரிடத்தில் மகலாத்து. மற்றோரிடத்தில் அவளே பஸ்மாத்து. ஒருவருக்கு இரு பெயர்கள் இருந்தன என்பது பழைய உரைகாரர்களின் விளக்கம். வெவ்வேறு மரபுகளைப் பேணிய நூலாசிரியர், அவற்றைத் திருத்தாமல் இரண்டையும் வைத்தார் என்பது தற்கால ஆய்வாளர் பலரின் கருத்து.

மூத்தவர்கள் பின்தள்ளப்படுதல்

யாக்கோபின் முதுமை துயரம் நிறைந்தது. காதல் மனைவியின் மகன் என்பதற்காக யோசேப்புக்கு அவர் காட்டிய பாரபட்சம் ஏனைய மக்களைப் பகைவராக்கிற்று. 17 வயதில் யோசேப்பு 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டான். ஆட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்த அங்கியைத் தந்தையிடம் காட்டினர். ஆட்டுத்தோலால் தந்தையை ஏமாற்றியவர் ஆட்டின் இரத்தத்தால் தம் மக்களிடம் ஏமாந்தார். மகனை எண்ணி அழுது அவரது கண்கள் பார்வை இழந்ததாகக் குர்ஆன் கூறுகின்றது.

பஞ்சத்தினால் குடும்பம் முழுவதும் எகிப்துக்குச் சென்றது. சென்றவர் தொகை எபிரேய மூலத்தில் 70. கிரேக்க மொழிபெயர்ப்பில் 75. அதனையே அப்போஸ்தலருடைய நடபடிகளும் பின்பற்றுகின்றது. எகிப்தில் பிறந்த யோசேப்பின் வழியினரில் மேலும் சிலரைக் கிரேக்கப் பட்டியல் சேர்த்துக் கொண்டமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகும். அப்பட்டியலில் சிமியோனின் மகன் ஒருவன் கானானியப் பெண்ணுக்குப் பிறந்தவன் என வெளிப்படையாகக் குறிக்கப்பட்டுள்ளது. யூதாவின் மனைவியும் கானானியள். யூதாவின் வம்சம் தொடர்ந்ததோ, விதவையான மருமகள் தாமாருக்கு அவனே தந்தையாக்கிய பேரேசின் வழியாகும். யோசேப்பின் மனைவி ஆஸ்நாத்து எகிப்தியக் குருவின் மகள். பெண் கொள்வதில் அத்தனை கண்டிப்புக் காட்டிய குலம் மூன்றாம் தலைமுறையிலேயே அயலாருடன் கலந்துவிட்டது.

மரணப்படுக்கையில் யாக்கோபு தம் வாரிசுகளை ஒழுங்குபடுத்தினார். தந்தையின் மறுமனையாட்டியைக் கூடியமையால் தலைமகன் ரூபன் தகுதி இழந்தான். சீகேம் நகரில் நடத்திய படுகொலையினால் சிமியோனும் லேவியும் கண்டிக்கப்பட்டனர். தலைமை யூதாவுக்கும், தலைமகனுக்குரிய பங்கு யோசேப்பின் புதல்வர்களுக்கும் சென்றன. அப்புதல்வர்களைத் தம் சொந்த மக்களாகச் சுவீகரித்த யாக்கோபு, பார்வை மங்கிய நிலையிலும் கைகளைக் குறுக்காக மாற்றி, இளையவன் எப்பிராயீமை மூத்தவன் மனாசேக்கு முன் வைத்தார். யோசேப்பு தடுத்தும் கேட்கவில்லை. பார்வையற்ற தந்தையிடம் அறியாமையால் நிகழ்ந்த மாற்றம், பார்வை மங்கிய மகனிடம் தெரிந்தே நிகழ்ந்தது.

பிற்கால உபாகமச் சட்டம், விரும்பப்படாத மனைவியின் தலைமகனை ஒதுக்கி, விரும்பப்பட்டவளின் மகனுக்கு மூத்தவன் உரிமையை வழங்கலாகாது என விதித்தது. யாக்கோபின் வீட்டில் நிகழ்ந்த அநியாயம் இன்னொரு வீட்டில் நிகழக்கூடாது என்ற பட்டறிவு அச்சட்டத்தில் தொனிக்கின்றது. வரலாறும் அதற்குத் துணை நின்றது. விரும்பப்படாத லேயாளின் வழியிலேயே மோசேயும் ஆசாரியர்களும் தாவீது மன்னனும் தோன்றினர்.

17 ஆண்டுகள் எகிப்தில் வாழ்ந்து 147 வயதில் யாக்கோபு காலமானார். யோசேப்பை இழப்பதற்கு முன் அவனோடு வாழ்ந்த ஆண்டுகளும் 17 என்பது குறிப்பிடத்தக்கது. அவரது உடல் எப்ரோனிலுள்ள மக்பேலா குகைக்கு எடுத்துச் செல்லப்பட்டது. ஆபிரகாம், சாராள், ஈசாக்கு, ரெபெக்காள் ஆகியோருடன் லேயாளும் அங்கே இருந்தாள். வாழ்நாள் முழுதும் விரும்பிய ராகேல் பெத்லகேம் செல்லும் வழியோரத்தில் தனித்திருக்க, விரும்பாத மனைவியின் அருகிலேயே அவர் துயில் கொண்டார்.

குலமுறை எதற்காக?

யாக்கோபு வாழ்ந்தார் என்பதற்கு விவிலியத்துக்குப் புறம்பான சமகாலச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. இஸ்ரவேல் என்ற மக்கள் பெயர் முதன்முதலாகக் காணப்படுவது கி.மு. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்திய மன்னன் மெர்னெப்தா நிறுவிய கல்வெட்டிலாகும். 1896 ஆம் ஆண்டு பிளிண்டர்ஸ் பெற்ரி அதனைக் கண்டெடுத்தார். குலத்தந்தையர் கதைகள் வரலாற்று ரீதியானவை என்ற நம்பிக்கையை 1974 இல் தோமஸ் தொம்சனும் 1975 இல் ஜோன் வான் சீற்றர்சும் வெளியிட்ட ஆய்வுகள் வன்மையாகக் கேள்விக்குட்படுத்தின. அயலிலிருந்த ஏதோமியரும் அரமேயரும் தமக்கு எவ்விதத்தில் உறவினர் என்பதை இஸ்ரவேலர் தமக்குத் தாமே விளக்கிக் கொண்ட முறையே இக்குலமுறைகள் என்பது ஆய்வாளர் பலரது முடிவு.

அவ்வாறு நோக்கினும் இவற்றின் பெறுமதி குறைவதில்லை. பகைவனை அந்நியன் எனக் கூறுவது எளிது. சகோதரன் எனக் கூறுவதே கடினம். ஏசாவின் வழிவந்தோராகிய ஏதோமியருடன் இஸ்ரவேலர் பலமுறை போரிட்டனர். கி.மு. 586 இல் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தபோது ஏதோமியர் மகிழ்ந்ததாக அவர்களது நூல்கள் குமுறுகின்றன. ஆயினும் ஏதோமியனை வெறுக்கலாகாது, அவன் உன் சகோதரன் என்ற சட்டத்தை அவர்கள் அழித்துவிடவில்லை. ஏதோமிய மரபில் வந்த இதுமேயர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் யூதராக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவனாகிய ஏரோது கி.மு. 37 முதல் யாக்கோபின் மக்களுக்கு அரசனாக ஆண்டான். மக்பேலா குகையைச் சுற்றி இன்றும் நிற்கும் பெருங்கல் மதிலைக் கட்டியவன் அவனே என்பது அறிஞர்களின் பொதுவான கருத்தாகும். யாக்கோபின் கல்லறைக்கு ஏசாவின் வழியினன் மதில் எழுப்பினான்.

அந்த மதிலுக்குள்ளேயே 1994 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தொழுகையில் ஈடுபட்டிருந்த 29 பலஸ்தீனர்களை யூதக் குடியேறி ஒருவர் சுட்டுக் கொன்றார். அதன்பின் அவ்விடம் யூதர்களுக்கு ஒரு பகுதியும் முஸ்லிம்களுக்கு ஒரு பகுதியுமாகப் பிரிக்கப்பட்டது. 2017 இல் யுனெஸ்கோ எப்ரோனின் பழைய நகரை ஆபத்துக்குள்ளான உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோதும் உரிமை பற்றிய சர்ச்சையே மேலெழுந்தது. தந்தையரை அடக்கம் செய்ய ஈசாக்கும் இஸ்மவேலும், யாக்கோபும் ஏசாவும் ஒன்றாக வந்து நின்ற நிலம் அது.

மூத்த குடி யார், கலப்பற்ற வழி எது, நிலம் யாருடையது என்ற வினாக்களை எழுப்புவோர் எந்நாட்டிலும் தம் முன்னோரின் பெயராலேயே பேசுகின்றனர். யாக்கோபின் வரலாறு அவர்களுக்கு வசதியான விடை எதனையும் அளிப்பதாக இல்லை. பெற்ற உரிமைகள் அனைத்தையும் அவர் இன்னொருவரின் இழப்பிலேயே பெற்றார். அதனை மறைக்காது எழுதிவைத்த மக்களே அவரைத் தந்தை எனவும் அழைத்தனர். முன்னோரின் குற்றத்தையும் குலமுறையின் ஒரு பகுதியாக ஏற்கும் அந்த நேர்மையே இன்றைய வாரிசுகளிடம் எதிர்பார்க்கப்படுவது.